சேர்வராயன் மலையும் ஏற்காடு தாலுகாவும்: நிலமும் மக்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மாவட்டப் புவியியல் தொடங்கினால் பேச்சு ஏற்காட்டில் வந்து நின்றுவிடும். பிள்ளைகள் கேட்கும் அதே சந்தேகங்களைப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்களும், விடுமுறைக்கு வரும் உறவினர்களும், சில நேரம் மலைக்காரர்களே கூடக் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மக்கள்தொகை எண்கள் அனைத்தும் 2011 கணக்கெடுப்பைச் சேர்ந்தவை.

ஏற்காடு தனி மாவட்டமா, சேலத்துக்குள் வருகிறதா?

சேலம் மாவட்டத்தில் உள்ள ஒரு தாலுகா. மலை முழுவதற்கும் தாலுகா அலுவலகம் ஏற்காட்டில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் மலைக்காரர்கள் சேலத்துக்கு இறங்க வேண்டும்.

சேர்வராயன் மலை வேறு, ஏற்காடு வேறா?

சேர்வராயன் என்பது மலைத்தொடர் முழுவதற்குமான பெயர். அதன் தென்பகுதியில், ஏரியைச் சுற்றி அமைந்த ஊர் ஏற்காடு. சுற்றுலா வருகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று சில கிலோமீட்டருக்குள் சுற்றிவிட்டு, மலையைப் பார்த்துவிட்டோம் என்று இறங்கிவிடுகிறார்கள். நாகலூர், மாரமங்கலம், வேலூர், செம்மநத்தம், வாழவந்தி என்று மலை இன்னும் நீண்டு கிடக்கிறது. மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் வசிப்பது அந்தப் பக்கங்களில்தான்.

தாலுகாவின் பரப்பு ஏறக்குறைய 380 சதுர கிலோமீட்டர். இதில் காப்புக்காடுகளும் அடக்கம்.

எத்தனை அடி உயரம்? ஒருவர் 4,900 என்கிறார், இன்னொருவர் 5,300 என்கிறார்.

இருவரும் வேறு வேறு இடத்தைச் சொல்கிறார்கள். ஏற்காடு ஊர் சுமார் 4,970 அடி, அதாவது 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,300 அடியைத் தாண்டும். தேர்வில் "ஏற்காட்டின் உயரம்" என்று கேட்டால் ஊரின் உயரமான 4,970 அடியை எழுதுங்கள்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்தான். அப்படியானால் பஸ் ஏறி இறங்குவதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் அதற்காகத்தான். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

இது மேற்குத் தொடர்ச்சி மலையில் சேர்ந்ததா? காபி விளைகிறதே!

காபி விளைந்தாலே மேற்குத் தொடர்ச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை போல இது ஒரே சுவராக ஓடுவதில்லை. ஆறுகள் அரித்து அரித்துத் துண்டு துண்டாக நிற்கிறது. சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் அப்படி நிற்கும் துண்டுகள்.

துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில்தான் சாலைகள் போகின்றன. சேலத்திலிருந்து அரூர் போகிறவர்கள் மஞ்சவாடி கணவாய் வழியாகப் போவார்கள். ஒரு பக்கம் சேர்வராயன், மறுபக்கம் சித்தேரி மலை. தருமபுரி போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய். வரைபடத்தை மனப்பாடம் செய்வதை விட இந்த இரண்டு வழியிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை போய் வருவது மேல் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

மலையில் மண் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது? பாக்சைட் எடுத்தார்களாமே?

அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற மிகப் பழைய, கடினமான பாறை. உயரமான சமவெளிப் பகுதிகளில் நெடுங்காலமாக மழை ஊறி ஊறி, பாறையில் இருந்த சிலிக்கா கரைந்து போனது. கரையாத இரும்பும் அலுமினியமும் மேலேயே தங்கின. இரும்பு மண்ணுக்குச் சிவப்பைத் தந்தது. அலுமினியம் செறிந்த இடங்கள் பாக்சைட் ஆயின. சேர்வராயன் கோயில் பக்கம் நடந்துவிட்டு வந்து செருப்பைப் பாருங்கள், செங்காவிப் பொடி அப்பியிருக்கும். பல ஆண்டுகள் இங்கிருந்து பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கினார்கள்.

மலையடிவாரத்தில் கிடைப்பது வேறு கனிமம். சேலத்துக்கும் மலைக்கும் இடையில் வெள்ளை வெளேரென்று தெரியும் குவாரிகளில் எடுப்பது மேக்னசைட். உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்ய அது வேண்டும். மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிறது. பாக்சைட் மேலே, மேக்னசைட் கீழே என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சேலம் வெயிலில் வேகிறது, முப்பது கிலோமீட்டரில் எப்படிக் குளிர்கிறது?

மேலே சொன்ன உயரம்தான் காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மே மாதத்தில் சேலம் 40 டிகிரியை நெருங்கும்போதும் ஏற்காடு பொதுவாக 30-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

மழையும் கூடுதல். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிறது; சேலத்தில் சுமார் 1,000. கோடை மழை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று மூன்று தவணையாகக் கிடைப்பது இந்த மலையின் பேறு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாட்களில் காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போன்ற அந்த வாசம் சாலை வரை வரும். அந்த மழை தவறினால் அந்த ஆண்டு மகசூல் போயிற்று.

அவ்வளவு மழை பெய்தும் மலைக் கிராமங்களில் கோடையில் தண்ணீருக்கு ஏன் அலைகிறார்கள்?

சரிவான நிலம், அடியில் கெட்டிப் பாறை. விழுகிற மழை தங்காமல் ஓடிவிடுகிறது. பாறை வெடிப்புகளில் தேங்குவதுதான் ஊற்றாகவும் கிணறாகவும் கிடைக்கும். அது பங்குனி, சித்திரைக்குள் வற்றிவிடும். ஏரியில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதே என்று கேட்பவர்கள், ஏரி இருக்கும் பள்ளத்துக்கும் மேட்டில் இருக்கும் குடியிருப்புக்கும் உள்ள ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறும் பெண்களுக்கு ஆண்டு மழைக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

ஓடிப்போகிற தண்ணீர் எல்லாம் காவிரிக்குத்தானே போகிறது?

எல்லாம் இல்லை. பெரும்பாலோர் தவறாக எழுதும் விடை இது. தெற்கிலும் மேற்கிலும் இறங்கும் தண்ணீர் காவிரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. சரபங்கா ஓமலூர்ப் பக்கம் ஓடி அதுவும் காவிரியில் கலக்கிறது. வடக்கே இறங்கும் வாணியாறோ தருமபுரி மாவட்டத்துக்குள் போய், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அணையில் நின்று, பிறகு தென்பெண்ணையில் சேர்கிறது. தென்பெண்ணை கடலில் கலப்பது கடலூர் அருகே.

ஆக, ஒரே மேகம் இந்த மலைமேல் பெய்தாலும் ஒரு பங்கு காவிரிக்கும் ஒரு பங்கு தென்பெண்ணைக்கும் போகிறது. உச்சியில் இருக்கும் குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவிரி அம்மனையும் வைத்துத்தான் கும்பிடுகிறார்கள். குகை காவிரி வரை போகிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

மலையில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2011 கணக்குப்படி ஏற்காடு தாலுகாவில் ஏறக்குறைய 41,600 பேர். அதே ஆண்டில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,82,056. மாவட்டத்தின் பரப்பு 5,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் மாவட்ட நிலத்தில் சுமார் 7 சதவீதம் இந்தத் தாலுகா, மக்களில் 1.2 சதவீதம்தான். சதுர கிலோமீட்டருக்கு மாவட்டத்தில் 660 பேருக்கு மேல் நெருங்கி வாழும்போது மலையில் 110 பேர் அளவில் இருக்கிறார்கள்.

இன்னொன்று: மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 954 பெண்கள். மலையில் பெண்களே சற்று அதிகம். இதை வைத்துக்கொண்டு உடனே ஒரு காரணம் சொல்லிவிடாதீர்கள். பிறப்பில் உள்ள நிலையும் இதில் இருக்கலாம், வேலைக்காக ஆண்கள் கீழே போனதும் இருக்கலாம். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கணக்கைத் தனியாகப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

சனி, ஞாயிறு போனால் நிற்க இடமில்லை. 110 பேர் என்றால் நம்ப முடியவில்லையே?

நீங்கள் பார்த்த கூட்டம் அன்று மாலை இறங்கிவிடும். கணக்கெடுப்பில் வருவது அங்கேயே வசிப்பவர்கள் மட்டும். விடுதிகளில் தங்குபவர்களும், ஆண்டில் சில வாரம் மட்டும் திறக்கும் பங்களாக்களின் சொந்தக்காரர்களும் இந்த எண்ணில் இல்லை.

இதில் ஒரு வருத்தமான விஷயம் இருக்கிறது. மக்கள்தொகை குறைவு என்பதால் பஸ்ஸும் மருத்துவ வசதியும் அந்தக் குறைந்த எண்ணுக்கு ஏற்பத்தான் கிடைக்கின்றன. ஆனால் சாலை, தண்ணீர், குப்பை மூன்றின் சுமையும் வந்துபோகும் கூட்டத்தின் அளவில் ஏறுகிறது. மாரமங்கலம் பக்கம் மாலை பஸ்ஸைத் தவறவிட்டவர் இருட்டில் நடக்க வேண்டும். சாலையில் காட்டெருமை நிற்கும். மலை நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வசிப்பவர் எண்ணிக்கை, வருபவர் எண்ணிக்கை இரண்டையும் எடுத்துக்கொண்டு பேசினால்தான் நியாயம்.

மலையாளிகள் என்கிறார்களே, கேரளத்திலிருந்து வந்தவர்களா?

இல்லை. இங்கே மலையாளி என்பது ஒரு பழங்குடிச் சமூகத்தின் பெயர். தாய்மொழி தமிழ். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் ஏறக்குறைய எட்டு லட்சம் பழங்குடியினர் இருந்தார்கள். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இதுதான். சேர்வராயனில் மட்டுமல்ல, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது மலைகளிலும் இருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் மலைக்கு மலை பிரிந்தார்கள் என்றும், மூத்தவர் சேர்வராயனில் தங்கினார் என்றும் சொல்வார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு 67 மலைக் கிராமத்து மக்களும் கூடுவார்கள். இந்த மலையை அறிய விரும்புகிறவர்கள் மலர்க் கண்காட்சியோடு இந்தத் திருவிழாவையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மலையில் எல்லோரும் பழங்குடியினர்தானா?

பெரும்பான்மையினர் அவர்களே. தோட்ட வேலைக்காகப் பல தலைமுறைக்கு முன் கீழிருந்து ஏறிய குடும்பங்களும், கடை வைத்திருப்பவர்களும், பள்ளி, அலுவலகங்களில் வேலை செய்பவர்களும் ஏற்காடு ஊரைச் சுற்றி இருக்கிறார்கள். 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளால் வெளியூர்ப் பிள்ளைகளும் உண்டு. ஏரிக்கரையில் கலந்த மக்கள். உள்ளே போகப் போக மலையாளிக் கிராமங்கள்.

மாவட்ட அளவில் பார்த்தால் பழங்குடியினர் சுமார் 3.4 சதவீதம்தான். சதவீதம் சிறியதாக இருந்தாலும், எண்ணிக்கையில் சுமார் 1,19,000 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதிகப் பழங்குடியினர் இருப்பது சேலத்தில்தான். நீலகிரி என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களும் மலையாளிகள்தான். அவர்களுக்கு ஏன் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவில்லை?

பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டப் பெயர்களும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இவை பட்டியல் எழுதிய காலத்து மாவட்டங்கள். ஈரோடு அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் போன்ற மாவட்டங்களுக்கு உரிமை தொடர்கிறது. பர்கூர் மலைக்காரர்களுக்கு அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் இந்த எல்லைக்கோடுதான்.

பெண் கொடுத்து எடுக்கும் உறவுக்குள் ஒருவர் பழங்குடியாகவும் இன்னொருவர் இல்லாதவராகவும் இருப்பது அநியாயம் என்பதே என் கருத்து. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். வட்டாட்சியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

காபியை வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தாரா? அதில் மலைக்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காபியையும் பேரிக்காய் போன்ற பழமரங்களையும் நட்டுத் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பும் மலையில் வேளாண்மை இருந்தது. சாமையும் தினையும் ராகியும் விளைவித்துச் சாப்பிட்ட மக்கள் இருந்த நிலத்தில்தான் தோட்டங்கள் வந்தன.

இன்று நிழல் மரமாகச் சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக் கொடி, கீழே அராபிகா காபி என்று ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு. பெரிய எஸ்டேட்டுகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். மலையாளிக் குடும்பங்களிடம் சிறு சிறு துண்டுகளாகக் காபி நிலம் இருக்கிறது. தங்கள் செடியைப் பார்த்துக்கொண்டே எஸ்டேட் கூலிக்கும் போவார்கள். கார்த்திகை, மார்கழியில் உள்கிராமங்களுக்குப் போனால் வாசலில் காபிப் பழம் காய்வதைப் பார்க்கலாம். செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்துப் பச்சையை விட்டுவிட்டு, சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். இயந்திரத்தால் ஆகாத வேலை, பெரும்பாலும் பெண்கள் செய்வது.

ஏற்காடு நகராட்சியா, பேரூராட்சியா?

2011 கணக்கெடுப்பின்போது ஊராட்சி. இவ்வளவு விடுதிகள் இருந்தும் ஏற்காடு அப்போது ஒரு கிராம ஊராட்சிதான். பேரூராட்சியாக்கும் அரசு அறிவிப்பு 2025 தொடக்கத்தில் வந்தது; இன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், தலைச்சோலை, மாரமங்கலம், வாழவந்தி, வேலூர், வெள்ளக்கடை என ஒன்பது ஊராட்சிகள் இருந்தன. இங்குள்ள வேலூரைக் கோட்டை இருக்கும் வேலூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாலுகாவில் 41,600 பேர் என்கிறீர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் எப்படி?

நல்ல கேள்வி. தாலுகா வேறு, தொகுதி வேறு. மலை மக்களை மட்டும் வைத்துத் தொகுதி அமைக்க எண்ணிக்கை போதாது. அதனால் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி ஊர்களையும் சேர்த்துத் தொகுதி ஆக்கியிருக்கிறார்கள். பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் இது ஒன்று, மற்றது சேந்தமங்கலம். பெயர் மலையுடையது, வேட்பாளர் பழங்குடி, வாக்காளர்களில் பெரும்பாலோர் கீழே இருப்பவர்கள். மலைக் கிராமத்துச் சாலை பிரச்சாரத்தில் ஏன் சிறிதாகப் பேசப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவேன்.

மக்களவைத் தேர்தலில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. ஏற்காடு சேலம் மக்களவைத் தொகுதியில் வராது, கள்ளக்குறிச்சியில் வருகிறது.

பழைய புத்தகத்தில் கொல்லிமலையும் தருமபுரியும் சேலம் மாவட்டம் என்று இருக்கிறது. எது சரி?

அச்சான ஆண்டைப் பாருங்கள். 1965-இல் தருமபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல் பிரிந்தது. கொல்லிமலை நாமக்கல்லோடு போயிற்று. ஆகவே 1991-இன் சேலம் மாவட்ட மக்கள்தொகையை அப்படியே 2011-ஓடு வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுதக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் இன்றைய எல்லைக்குள் இருந்த தாலுகாக்களை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2011 எண் பழையதாகிவிட்டதே. இப்போதைய எண்ணை எங்கே எடுப்பது?

2021-இல் நடக்க வேண்டியது நடக்காததால் அதிகாரபூர்வமான கடைசி எண் 2011-இன் எண்தான். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். "இன்றைய மக்கள்தொகை" என்று இணையத்தில் உலவும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். விடையில் எழுதினால் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள்.

கணக்கெடுக்க வரும்போது மலைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மலையாளிகள் என்றால் யார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அதே குழப்பம் கணக்கெடுப்பவருக்கும் வரலாம், குறிப்பாக அவர் வெளியூர்க்காரராக இருந்தால். சமூகம் மலையாளி, தாய்மொழி தமிழ் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மொழிக் கட்டத்தில் மலையாளம் என்று விழுந்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

வேலைக்குத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போயிருப்பவர்கள் அங்கே எண்ணப்பட்டார்களா, வீட்டில் எண்ணப்பட்டார்களா என்று போனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காட்டோரம் தனியாக இருக்கும் வீடுகள் விடுபடுவது எளிது. பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் வருகிறவரை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.